அரசின் சமூக ஊடகப் பக்கத்தை நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

மாநில அரசோ, மாகாண அரசோ, மாவட்ட நிர்வாகமோ, அதன் ஃபேஸ்புக், எக்ஸ் கணக்குகளை இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவுகளைப் புரட்டினால் வரிசையாகத் திறப்பு விழாப் படங்கள், வாழ்த்துச் செய்திகள். அவற்றுக்குக் கீழே "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும்?" என்று யாரோ கேட்டு, பதிலே வராமல் கிடக்கும் கேள்விகள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்தப் பக்கமே. அதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

2018 ஜனவரி 13, காலை 8.07. ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று ஹவாய் மாநிலம் முழுக்கக் கைப்பேசிகளில் எச்சரிக்கை வந்தது. தவறுதலாக அனுப்பப்பட்டது அது. இரண்டே நிமிடத்தில் ஆளுநர் டேவிட் இகேவுக்கு உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் அவருடைய ட்விட்டர் (இப்போதைய எக்ஸ்) கணக்கில் செய்தி வந்தபோது மணி 8.24. கணக்குக்குள் நுழையும் விவரம் தனக்குத் தெரியாமல் இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். கைப்பேசிகளுக்குத் திருத்தச் செய்தி போய்ச் சேர முழுதாக 38 நிமிடம் ஆனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஒளிவது என்று தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு அது எவ்வளவு நீளமான நேரம்!

அதனால் முதல் நாளே இதைச் செய்யுங்கள். குறைந்தது மூன்று பேருக்குக் கணக்கில் நுழையும் உரிமை இருக்கட்டும், அதில் ஒருவராவது இரவு நேரத்திலும் கூப்பிட்டால் எடுப்பவராக இருக்கட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் முறையை, போடுங்கள், ஆனால் அந்தக் குறியீடு இடமாற்றலாகிப் போய்விட்ட அதிகாரியின் சொந்தக் கைப்பேசிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், உண்மையான கணக்குகளின் இணைப்புகள் எல்லாம் அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் வரும் நீல டிக் இப்போது பணம் கட்டினால் கிடைப்பதாகிவிட்டது, அதை வைத்து மக்கள் உங்களை அடையாளம் காண முடியாது. எக்ஸில் அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.

படி 2: எந்தச் செய்தி எங்கே

எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை. அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப் சேனல் நல்லது. பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் அங்கே அவர்கள் உங்களுக்குப் பதில் எழுதவும் முடியாது. கேள்வி கேட்கும் இடம் வேறாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஃபேஸ்புக். பத்துத் தளங்களில் கணக்கு திறந்து எதையும் கவனிக்காமல் விடுவதைவிட இரண்டைத் திறந்து ஒழுங்காகப் பாருங்கள்.

படி 3: அறிவிப்பை மக்கள் மொழியில் எழுதுங்கள்

அலுவலகத்திலிருந்து உங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பிரதான குழாயில் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் கிழக்கு மண்டலத்திற்குட்பட்ட பகுதிகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும் என இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

இதை முத்திரையோடு ஸ்கேன் செய்து படமாகப் போட்டுவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். பார்வையற்றவரின் கைப்பேசி ஒரு படத்தில் இருக்கும் எழுத்தைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்பி இருக்க முடியாது, தேடினாலும் எளிதில் கிடைக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப ஒரு வரியை நகலெடுக்கவும் சிரமம். எழுத்தாகவே போடுங்கள், இப்படி:

"மார்ச் 12, புதன்கிழமை காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை கிழக்கு மண்டலத்தில் தண்ணீர் வராது. முந்தின இரவே பிடித்து வையுங்கள். அவசரத் தேவைக்குத் தண்ணீர் லாரி வரும், அழைக்க வேண்டிய எண் கீழே. (வெளியிட்ட நேரம்: மார்ச் 10, மாலை 5 மணி)"

என்ன மாறியது என்று பாருங்கள். எப்போது, எங்கே, நான் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் நான்கைந்து வரியில் வந்துவிட்டது. "நாளை" என்ற சொல்லை மட்டும் நம்பி எழுதவே கூடாது. ஃபேஸ்புக் பதிவுகளை நேர வரிசைப்படி காட்டுவதில்லை, "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்பது இரண்டு நாள் கழித்து ஒரு தாயின் கண்ணில் பட்டால் அவர் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார். தேதி, கிழமை, மணி மூன்றும் வேண்டும். வேலை முடிந்ததும் அதே பதிவில் "தண்ணீர் திரும்ப வந்துவிட்டது" என்று சேர்த்துவிடுங்கள்.

படி 4: பதில் சொல்லுங்கள்

இதுதான் கடினம், நேரத்தையும் இதுதான் தின்னும். ஸ்பெயினில் கிரனாடா பக்கத்தில் ஹுன் என்று சுமார் 3,500 பேர் வாழும் ஓர் ஊர். அதன் மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோத்ரிகெஸ் சாலாஸ் ஊர் நிர்வாகத்தையே ட்விட்டர் வழியாக நடத்திக் காட்டினார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் இரவில் எழுதுகிறார். மேயர் சில நிமிடங்களில் பதில் போட்டு, ஊரின் எலக்ட்ரீஷியனையும் அதில் இணைக்கிறார். மறுநாள் சரிசெய்த விளக்கின் படம் வருகிறது. யார் வேலை செய்தார் என்று ஊருக்கே தெரிந்தது, அதனால் தெரு கூட்டுபவருக்கும் அங்கே ரசிகர்கள் உண்டானார்கள்.

உங்கள் மாநிலம் ஹுன் அளவுக்குச் சிறியது இல்லைதான். ஆனாலும் ஒவ்வொரு துறையிலும் பதில் தர ஒருவர் பெயரையும் எண்ணையும் வாங்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள், வரும் புகாருக்கு ஒரு எண் கொடுங்கள். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்பதோடு நிறுத்தாமல், எந்தத் துறை, என்றைக்குள் என்று சொல்லுங்கள். இன்னொன்று, முகவரி, கைப்பேசி எண், அட்டை எண் எதையும் பொதுவில் எழுதச் சொல்லாதீர்கள். மோசடிக்காரர்கள் அதே பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள். தனிச்செய்திக்கு வரச் சொல்லுங்கள்.

படி 5: வதந்தி வரும்போது

2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் வெள்ளத்தில் தவித்தபோது வைவன்ஹோ அணை உடையப்போகிறது என்று பேச்சு பரவியது. மாநிலக் காவல்துறை "மித்பஸ்டர்" (கட்டுக்கதையை உடைப்பவர்) என்ற ஹேஷ்டேக்கை, அதாவது # போட்ட தேடல் குறியை, வைத்து, இப்படிப் பரவிய பொய்களை ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்தது. மக்கள் அந்தக் குறியைத் தேடிப் பார்த்துத் தெளிந்தார்கள். நீங்களும் ஒரே குறியை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையை முதல் வரியில் வையுங்கள், வதந்தியை அதற்குப் பிறகு சுருக்கமாக. விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதையும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து சொல்லுங்கள்.

படி 6: யாரையும் அவசரப்பட்டுத் தடை செய்யாதீர்கள்

திட்டுகிறார்கள் என்று ஒருவரை பிளாக் செய்தால் அடுத்த வெள்ள எச்சரிக்கையும் அவருக்குப் போகாமல் போகலாம். அமெரிக்காவில் போர்ட் ஹியூரன் நகர மேலாளர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒருவரைத் தடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் சார்பில் பேச அவருக்கு அதிகாரம் இருந்ததா, அந்த அதிகாரத்தோடுதான் அந்தப் பதிவில் பேசினாரா என்று இரண்டையும் பார்க்க வேண்டும் என 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் குடும்பப் படமும் நகர அறிவிப்பும் கலந்து கிடந்ததுதான் சிக்கலே. சொந்தக் கணக்கை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள், எந்த மாதிரிப் பின்னூட்டம் நீக்கப்படும் என்ற விதியை முன்கூட்டியே பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

படி 7: வாரம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்

எத்தனை லைக் என்று மேலதிகாரி கேட்பார், அதைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று ஒரு நோட்டில் வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, எத்தனை மணி நேரத்தில் போனது, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்வியைத் திங்கட்கிழமை முதல் பதிவாகப் போடுங்கள், பதிலோடு.