ஆபீஸ் போன்ல எத்தனை கால் மிஸ் ஆச்சு, ஃப்ரீபிபிஎக்ஸ் ரிப்போர்ட்ட சரியா படிக்கிறது எப்படி

ஃப்ரீபிபிஎக்ஸ்ங்கிற ஆபீஸ் போன் சாஃப்ட்வேர் போட்ட ஆபீஸ்ல முதலாளி கேக்குறது ஒண்ணுதான், இன்னைக்கு எத்தனை கால் வந்துச்சு, எத்தனை எடுக்காம போச்சு. ரிப்போர்ட்ஸ் மெனுல சிடிஆர் ரிப்போர்ட்ஸ் (ஒவ்வொரு காலோட பதிவு) போயி தேதி குடுத்து தேடுனா லிஸ்ட் வந்துடும், ஆனா அத அப்படியே எண்ணி குடுத்துடாதீங்க. நான் ஒரு இடத்துல அப்படி குடுத்துட்டேன், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுக்கு செய்யாத தப்புக்கு திட்டு விழுந்துச்சு, இன்னைக்கும் அது மனசுல உறுத்துது.

முதல்ல சர்வர் டைம் பாருங்க. யூடிசில, அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்குற உலகப் பொது நேரத்துல, ஓடிட்டு இருந்தா காலைல 10 மணி கால் 4:30ன்னு காட்டும், எந்த நேரத்துல கூட்டம்னு போடுற கணக்கே தப்பாயிடும். டைம்சோன ஏசியா கொல்கத்தான்னு மாத்திட்டு ஒரு ரீஸ்டார்ட் குடுங்க, ஆனா பழைய வரிங்க பழைய டைம்லயே தான் இருக்கும்.

அடுத்தது ரிங் குரூப். நாலு எக்ஸ்டென்ஷன் (ஆபீஸ் உள்ள இருக்குற போன்) சேந்து அடிக்குது, ஒருத்தர் எடுக்குறாரு, அப்போ டேபிள்ல ஒரு 'ஆன்சர்டு' வரியும் மூணு 'நோ ஆன்சர்' வரியும் விழும், ஆனா வந்தது ஒரே கால். இத வரி வரியா எண்ணுனா மூணு மிஸ்டு கால்னு வரும், அந்தப் பொண்ணுக்கு நடந்தது இதுதான். அதனால சிஎஸ்வியா எடுத்து எக்ஸெல்ல போட்டு லிங்க்டு ஐடி (ஒரே காலோட வரிங்களுக்கு பொதுவா இருக்குற நம்பர்) ஒண்ணா இருக்குற வரிய எல்லாம் ஒரே காலா சேத்துடுங்க, பிவட் டேபிள் போட்டா அஞ்சு நிமிஷ வேலை.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு, அது இன்னும் மோசம். ஐவிஆர், அதாவது மெஷின் பேசுற மெனு, வச்சிருந்தா "தமிழுக்கு 1 அழுத்தவும்"னு மெஷின் பேச ஆரம்பிச்ச உடனே சிஸ்டம் கணக்குல அந்தக் கால் எடுத்தாச்சு. கஸ்டமர் 40 செகண்ட் மெனு கேட்டுட்டு வெறுத்துப்போயி வச்சாலும் 'ஆன்சர்டு', பில்செக்ங்கிற பத்தில 40ன்னு நிக்கும். டியூரேஷன்ங்கிறது மொத்த நேரம், பில்செக்ங்கிறது எடுத்ததுக்கு அப்புறம் ஓடுன நேரம், ஆனா எடுத்தது ஆளா மெஷினான்னு ரெண்டுமே சொல்லாது. அதுக்கு டிஎஸ்டி சேனல்ங்கிற பத்தி (கால் எந்தப் போனுக்கு போச்சுன்னு காட்டுறது) பாக்கணும், அது காலியா இருந்து கடைசி ஆப் (சிஸ்டம் கடைசியா செஞ்ச வேலை) பேக்கிரவுண்டு, அதாவது மெனு பேசுறது, இல்லன்னா வெயிட்எக்ஸ்டென், அதாவது பட்டன் அழுத்த காத்திருக்குறதுன்னு இருந்தா யார்கிட்டயும் போய் சேரலன்னு அர்த்தம். இதெல்லாம் மிஸ்டு கால்ல தான் சேரணும்.

க்யூ, அதாவது ஆள் கிடைக்குற வரைக்கும் கால வரிசைல நிக்க வைக்குற வசதி, வச்சிருந்தா சிடிஆர நம்பாதீங்க, பாட்டு கேட்டுட்டு காத்திருந்தவங்களும் அதுல 'ஆன்சர்டு' தான். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில ஓடுற ஆஸ்டெரிஸ்க்கோட லாக் ஃபோல்டர்ல க்யூ லாக்னு தனி ஃபைல் இருக்கு, அதுல 'அபாண்டன்'னு வர்ற வரிதான் பொறுமை இழந்து வச்சவங்க, எத்தனை செகண்ட் காத்திருந்தாங்கன்னும் அதே வரில கடைசில இருக்கும். டைம் மட்டும் 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணுன செகண்டா இருக்கும், மாத்திக்கணும். அஞ்சு செகண்டுக்குள்ள வச்சத நான் தனியா வச்சிடுவேன், பாதி ராங் நம்பர்.

இப்போ நிஜமா மிஸ் ஆன நம்பர் லிஸ்ட் கைல இருக்கும். ஒரே ஆள் +91 போட்டும் 0 போட்டும் வருவாரு, அதனால எக்ஸெல்ல ரைட் ஃபார்முலால கடைசி 10 டிஜிட் மட்டும் எடுங்க, லேண்ட்லைனும் எஸ்டிடி கோடோட 10 தான் அதனால அதுவும் சரியா வரும். அதே நம்பர் அப்புறமா கூப்பிட்டு பேசிட்டாங்களா, இல்ல நம்ம பக்கம் இருந்து கூப்பிட்டு அவங்க எடுத்தாங்களான்னு கவுண்டிஃப்ஸ் (எத்தனை தடவை இருக்குன்னு எண்ணுற ஃபார்முலா) போட்டு பாத்து, ரெண்டும் இல்லாத நம்பர மட்டும் நேரத்தோட மதியம் ஒரு தடவை, சாயங்காலம் 5 மணிக்கு ஒரு தடவை ரிசப்ஷனுக்கு அனுப்புங்க, அன்னைக்கே திருப்பி கூப்பிட்டுடலாம்.