மேமோகிராம் ரிப்போர்ட்ல ஏதோ இருக்குன்னு வந்தா இதையெல்லாம் செய்யாதீங்க

நம்ம மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் நெறைய பேர் நாகர்கோவில்ல மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுப்பாங்க, ரிப்போர்ட்ல ஏதோ இருக்குன்னதும் பஸ் ஏறி திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு போயிருவாங்க. போறது நல்லதுதான், ஆனா வெறும் பேப்பர மட்டும் மடிச்சு பைக்குள்ள வச்சுட்டு போறாங்க பாருங்க, அதாக்கும் பெரிய தப்பு. அங்க உள்ள டாக்டருக்கு வேண்டியது படம். ஃபிலிமோ சிடியோ, முன்னால எப்பவாவது எடுத்தது இருந்தா அதையும் சேத்து கொண்டு போங்க. வருஷக்கணக்கா மாறாம கெடக்குற நிழலும் புதுசா வந்த நிழலும் ஒண்ணில்ல, பழைய படம் பக்கத்துல இருந்தாதான் அது தெரியும்.

அடுத்து ரிப்போர்ட் கடைசில பைராட்ஸ்னு போட்டு 0 முதல் 6 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும், படத்த பாத்து கேன்சர் சந்தேகம் எவ்வளவுன்னு சொல்ற நம்பர் அது. 0ன்னு பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு பீரோல வச்சிராதீங்க, பாத்து முடியல, இன்னும் படம் வேணும்னுதான் அது சொல்லுது, அந்த எடத்த மட்டும் அழுத்தி எடுப்பாங்க இல்லன்னா அல்ட்ராசவுண்ட் பாப்பாங்க, அதோட சரியாகி வீட்டுக்கு வாறவங்கதான் அதிகம். 1, 2க்கு பயமில்ல. 3 வந்தவங்கதான் எனக்கு கவலை, கேன்சரா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்லன்னு சொன்னதும் நிம்மதியாகி ஆறு மாசம் கழிச்சு வரச்சொன்னத மறந்துருவாங்க. வலிக்கலியேன்னு வேற சொல்லுவாங்க. வலியில்லாம வளருறதுதான் இதோட கெட்ட கொணமே.

4ன்னா உடனே அழுது முடிவு கட்டாதீங்க, 4ஏன்னு இருந்தா வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம்தான், 4சின்னா 50க்கு மேல, அதனால எந்த 4ன்னு கேளுங்க. எதுவானாலும் பயாப்சி, அதாவது ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்றது, எடுக்கணும். ஊசி குத்துனா பரவிரும்னு யாராவது அத்தையோ மாமியோ சொல்லுவாங்க, அத நம்பி வைத்தியர்ட்ட எண்ணெய் வாங்கி மாசக்கணக்குல தடவிட்டு இருந்தா போன காலம் திரும்ப வராது, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க.

கால்சிஃபிகேஷன்னு (மார்புல கால்சியம் படிஞ்சு படத்துல வெள்ளப் புள்ளியா தெரியுறது) எழுதிருந்தா பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. படம் எடுக்கப்போற அன்னைக்கு அக்குள்ல பவுடர், டியோடரன்ட் போடாதீங்க, அதும் புள்ளியா தெரியும்.

இன்னொண்ணு, கைக்கு கட்டி தட்டுப்படுது ஆனா மேமோகிராம் நார்மல்னு வந்திருக்குன்னா விட்டுராதீங்க. மார்பு திசு அடர்த்தியா இருக்கவங்களுக்கு, அதும் வயசு கம்மின்னா, கட்டி படத்துல மறைஞ்சிரும். எந்த எடம்னு டாக்டர்ட்ட தொட்டுக் காட்டி, அங்க அல்ட்ராசவுண்ட் பாக்கச் சொல்லி கேளுங்க.