'சூப்பர்' போதாது: நீர்வண்ண முகச்சித்திரத்துக்கு இன்ஸ்டாகிராமில் கருத்துக் கேட்பது எப்படி?

கையெழுத்துப் போட்டு முடித்த படத்தைப் பதிவிட்டால் 'சூப்பர்', 'செம' என்றுதான் வரும். குறை கண்டவரும், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு ஹார்ட் தட்டிவிட்டுப் போய்விடுவார். நீர்வண்ணத்தில் அவர் நினைப்பது நியாயம்தான். தேலோ நீலம் போல் கறையாகப் பிடிக்கும் நிறங்கள் காய்ந்தபின், ஈரத் தூரிகையால் எவ்வளவு துடைத்தாலும் முழுதாக வராது.

ஆகவே திருத்த இடம் இருக்கும்போதே கேளுங்கள். கண், மூக்கு அளவுகளைப் பென்சில் கோட்டிலேயே. வெளிச்சம், நிழலை முதல் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) காய்ந்த பிறகு, அடர்நிறம் வைக்குமுன். ஈரத்தோடு படமெடுக்காதீர்கள், காய்ந்தால் நிறம் வெளிறும்.

பாதிச் சிக்கல் புகைப்படத்தில்தான். நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் தாளின் ஒரு பக்கம் மஞ்சள் பூக்கும். போன் தாளுக்கு இணையாக இருக்கட்டும். சாய்த்தால் தாடை குறுகும், நீங்கள் செய்யாத பிழையை ஊரே திருத்தும்! மிகக் கிட்டே போனாலும் உருவம் கோணும். சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். ஃபில்டர் வேண்டாம். பென்சில் கோடு மங்கினால் கான்ட்ராஸ்ட் மட்டும் கூட்டலாம்.

1080×1350 பிக்சலில் நான்கு படங்கள் போதும்: முழு ஓவியம், பார்த்து வரைந்த புகைப்படம், ஓவியத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி, சந்தேகமான இடத்தின் நெருக்கம். மூலப் புகைப்படம் இல்லாவிட்டால் யாரும் ஊகித்துத்தான் பேச முடியும். அது பிறர் எடுத்ததென்றால் அனுமதி வாங்கிப் பெயரும் போடுங்கள்.

நீண்ட கேப்ஷன் மடிந்துவிடும் என்பதால் கேள்வி முதல் வரியிலேயே வரட்டும். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்பார்கள். "இடது கன்னத்து நிழல் மூக்கு நிழலைவிட அடர்ந்துவிட்டதா?" என்று கேட்டால் கண் அங்கேதான் போகும்.

குடும்ப வாட்ஸ்அப் குழு பாசத்துக்கு, விமர்சனத்துக்கு அல்ல. வரையத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் மென்மையான நிறமாற்றங்கள் சிதையும்.

மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் பழுது அங்கே இருக்கலாம். அவர்கள் சொல்லும் மருந்து சரியென்று கட்டாயமில்லை. வாதாடாமல், ஓவியத்தின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, மார்க்கரால் அந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம்.