காலியா இருந்துச்சுண்ணே: ஆபீஸ் பிரிண்டரை நெட்வொர்க்கில் போடும்போது நடக்கும் தவறுகள்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் ஒரு பிரிண்டர் பேனலில் அதன் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, 192.168.1.105 என்று அடித்துக்கொண்டிருந்தான். "ஏன்டா 105?" என்றேன். "பிங் அடிச்சுப் பார்த்தேண்ணே, காலியா இருந்துச்சு."

பிங் என்றால், அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்ப்பது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கேபிள் சொருகாதது, வைஃபை பாஸ்வேர்டு தப்பு மாதிரியானவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அவை இங்கே வேண்டாம்.

டிஎச்சிபி எல்லைக்குள் கையால் ஐபி போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் தவறு இது. டிஎச்சிபி என்றால் ரவுட்டரே ஐபி கொடுப்பது; கடைசி எண் 100 முதல் 199 வரை என்று வையுங்கள், அதைத் தானாகப் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். நடுவில் 105-ஐ நாம் பிரிண்டருக்குப் போட்டால் ரவுட்டருக்கு அது தெரியாது. இரவு பிரிண்டரை அணைத்துவிட்டுப் போனால், காலையில் முதலில் வருகிறவரின் போனுக்கு அதே 105-ஐத் தூக்கிக் கொடுத்துவிடும்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ். செப்டம்பர் கடைசி, ரிப்போர்ட் எல்லாம் 30-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். பிரிண்டர் சில நாள் ஓடும், சில நாள் 'ஆஃப்லைன்' காட்டும். போய் பிங் அடித்தேன், பதில் வந்தது. நெட்வொர்க் சரி என்று முடிவு கட்டி டிரைவரை அழித்துப் போட்டேன், கேபிள் மாற்றினேன், கடைசியில் போர்டு போய்விட்டது என்று சொல்லி புதுசும் வாங்க வைத்தேன். இரண்டு நாளில் மறுபடி போன். இந்தத் தடவை கடுப்பில் பிரிண்டர் கேபிளை உருவி கையில் வைத்துக்கொண்டு பிங் அடித்தேன். அப்போதும் பதில் வந்தது! வாரத்தில் மூன்று நாள் வரும் ஆர்ட்டிகிள் பையனின் (சிஏ பயிற்சிக்கு வருகிறவன்) போன்தான் அத்தனை நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. போர்டு காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பிரிண்டரை ஆட்டோவிலேயே விடுங்கள். அதன் மேக் முகவரியை (மெஷினோடு வரும் நெட்வொர்க் அடையாள எண்) ரவுட்டரில் ஏற்றி, அதற்கென்றே ஒரு ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். ரவுட்டர் பாஸ்வேர்டு தர மாட்டேன் என்கிற இடமா? எல்லை எது என்றாவது கேட்டு, அதற்கு வெளியே 20, 30 என்று போடுங்கள்.

டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 போடுவது

டிஎன்எஸ் என்றால், பெயரைச் சொன்னால் அதன் ஐபியைச் சொல்லும் சர்வர். கையால் ஐபி போடுகிறவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், இல்லையென்றால் கூகுளின் இந்த நாலு எட்டைப் போடுவார்கள். பிரிண்ட் ஒழுங்காக வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. காலியாக விட்டால் மெயிலுக்கு ஸ்கேன் போகாது, மெயில் சர்வர் பெயரைக் கேட்க மெஷினுக்கு ஆளில்லை. எட்டு போட்டால் மெயில் போகும். ஆனால் உங்கள் ஆபீஸில் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு கம்ப்யூட்டர் இருப்பது கூகுளுக்கு எப்படித் தெரியும்? ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பினால் முழிக்கும். டொமைன் இருக்கும் இடத்தில், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரு சர்வர் நிர்வகிக்கும் இடத்தில், அந்த சர்வரின் ஐபியைப் போடுங்கள். சின்ன ஆபீஸ் என்றால் ரவுட்டரின் ஐபி; ஃபோல்டர் பாதையில் பெயருக்குப் பதில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபியையே கொடுத்து, அதையும் ரிசர்வ் செய்துவிடுங்கள்.

நீளமான பெயர்

பிரிண்டருக்கு நெட்வொர்க்கில் வைக்கும் பெயர் 15 எழுத்துக்குள். இடைவெளி கூடாது.

விண்டோஸ் தானாகப் போடும் டபிள்யூஎஸ்டி போர்ட்

டபிள்யூஎஸ்டி என்றால் விண்டோஸ் தானாகவே பிரிண்டரைத் தேடிப் பிடிக்கும் வழி. மாற்றிவிடுங்கள். ஐபியை நேராகக் கொடுக்கும் ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட், எண் 9100.

எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்வது

எஸ்எம்பி 1 என்றால் விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வின் பழைய முறை. பழைய மெஷினில் ஃபோல்டருக்கு ஸ்கேன் போகவில்லை என்றதும் இதைத்தான் செய்கிறார்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்ட வான்னாகிரை வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். மெஷினின் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் சாஃப்ட்வேர்) புதுசாக ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மெயிலுக்கு ஸ்கேன் வையுங்கள்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் தேடினால் பிரிண்டர் வரவில்லை

கெஸ்ட் வைஃபையில் இருப்பார்கள். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பிரிண்டர் சொல்லும் பான்ஜூர் அறிவிப்பு அந்தப் பக்கம் தாண்டாது.

எழுதி வைக்காமல் கிளம்புவது

பிரிண்டரின் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃபிகரேஷன் பேஜ் ஒன்று பிரிண்ட் எடுத்து, மேக் முகவரியைச் சுற்றி வட்டம் போட்டு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். ட்ரே மேல் வேண்டாம், யாராவது அதில் டீ கிளாஸ் வைப்பார்கள்.