தோட்டத்துக் கிணறும் ஊர்ப் பிள்ளைகளும்: நிலம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளி லீவு விட்டதும் நெல்லை மாவட்டத்து மானூர், வள்ளியூர் பக்கத்துத் தோட்டங்களுக்கு மதியம் போய்ப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டாலே நாலு பிள்ளைகள் கிணற்றடியில் நிற்பார்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருப்பார். "உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேனே, மீறி வந்தா நான் என்ன செய்ய?" என்பார். முதல் தவறு இதுதான்.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் போர்டு வெறும் தகரம். கிளாஸ்கோ நகரப் பூங்காவில் பளபளத்த விஷப்பழத்தைத் தின்று அந்த வயதுப் பிள்ளை இறந்தபோது, தந்தை தொடுத்த வழக்கு செல்லும் என்று அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1921இல் சொன்னது. பிள்ளையின் கண்ணை இழுக்கும் ஆபத்து என்று தெரிந்தும் வேலியோ எச்சரிக்கையோ இல்லாமல் விட்டதுதான் அங்கே குற்றச்சாட்டு. இழப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்களும் இத்தகைய தீர்ப்புகளைப் பார்க்கின்றன. அது பொதுப் பூங்கா, நம்முடையது பட்டா நிலம் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் வருவது உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். கைப்பிடிச் சுவர் இடிந்த கிணற்றுக்குப் போகும் ஒற்றையடித் தடமே அதற்குச் சாட்சி. ராதாபுரம் பக்கம் தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரிகளுக்கும் இதே கதைதான்.

ஆழ்துளைக் கிணற்றில் விவாதத்துக்கே இடமில்லை. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் விழுந்த 3 வயதுப் பிள்ளையை மதுரையிலிருந்து வந்த ரோபோ கருவி உயிரோடு தூக்கியது. 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த 2 வயதுக் குழந்தை பிழைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது: போர் போட 15 நாள் முன்பே எழுத்தில் தகவல், சுற்றி முள்கம்பி வேலி, குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 0.30 மீட்டர், கீழே 0.30 மீட்டர் சிமெண்ட் மேடை. வாய்க்கு வெல்டிங் செய்த அல்லது போல்ட் முறுக்கிய இரும்புத் தகடு. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். மேலே நாலு கூடை மண் போட்டால் அடுத்த மழையில் உள்வாங்கிவிடும்.

எங்கள் தோட்டத்திலும் வற்றிய போரைச் சாக்கும் கல்லும் வைத்துத்தான் பல வருஷம் மூடியிருந்தோம். அண்ணன் மகள் அந்தக் கல்லை உருட்டி விளையாடியதைப் பார்த்த அன்றைக்குத்தான் வெல்டிங் ஆளைக் கூட்டி வந்தோம். அந்தப் பதற்றம் இன்னும் போகவில்லை.

குத்தகைக்கு விட்டாச்சு, இனி அவர் பாடு என்று இருப்பதும் தவறு. கிணறு பாழடைந்து கிடப்பது தெரிந்தே குத்தகைக்கு விட்டிருந்தால் வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். கிணறு மட்டுமல்ல, களக்காடு, கடையம் மலையடிவாரத்தில் பன்றிக்காக வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுகிறார்கள். அது சட்டவிரோதம், எந்தக் காரணமும் எடுபடாது.

கடைசியாக, பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய காகிதம் அந்த வழக்கை முடிக்காது. காயத்தோடு பிழைத்த பிள்ளைக்கோ, இழப்பீடு கேட்கும் காலக்கெடு 18 வயது நிறைந்த பிறகும் மிச்சமிருக்கும்.

மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுத்தால், மெக்கானிக் கிளம்புவதற்கு முன்பே போர்க் குழாயின் வாயை மூடச் சொல்லுங்கள்.