சர்க்கரையோடு சிறுநீரகப் பிரச்சினையும் இருக்கிறதா? கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

கல்யாணமாகி ஆறு மாதத்திலேயே "ஏதாவது விசேஷமா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காக அவசரப்படாதீர்கள். சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறது என்றால், கருத்தடையை விடுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சிறுநீரக டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

போவதற்கு முன் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துவைத்துப் பின்பக்கம் உள்ள பெயரைப் படியுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் எல்லாம் உங்கள் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள்தான், ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேட்டின், சர்க்கரைக்கான டாபாக்ளிஃப்ளோசின் இருந்தாலும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பிரஷர் ஏறினால் அதுவும் ஆபத்து. லபெட்டலால், நிஃபெடிபின் என்று டாக்டர் மாற்றித் தருவார். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. அப்போதே தொடங்க வேண்டும்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வரட்டும். 10-க்கு மேல் இருந்தால் கண்டிப்பாகத் தள்ளிப்போடுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் 1.4-ஐத் தாண்டியிருந்தால், பிரசவத்துக்குப் பிறகும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் அபாயம் கூடுகிறது, இதைக் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். கண் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள், கர்ப்பத்தில் அது வேகமாகக் கெடலாம்.

கரு நின்ற பிறகு ஒரு விஷயம். கர்ப்பத்தில் கிரியாட்டினின் இயல்பாகவே இறங்கும், அதனால் 0.9 வந்து லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். முதல் மாதங்களில் ராத்திரி லோ சுகர் வரும், தலைமாட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்கட்டும். 12-வது வாரத்திலிருந்து ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள்.

பிரஷரை வீட்டிலேயே, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து நோட்டில் எழுதுங்கள், 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே புரதம் போவதால் கர்ப்பகால ரத்த அழுத்த நோயைச் சிறுநீரை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்றில் வலி, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிரசவமான அன்றே இன்சுலின் தேவை சட்டென்று இறங்கும், பழைய அளவையே போட்டுவிடாதீர்கள். அப்புறம், வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று வார்டு நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எனலாப்ரில் தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடியது, அதை எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.