வயர்லெஸ் சைக்கிள் மீட்டர்: புதிதாக மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் இசிஆரில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்த தம்பி தன் புது மீட்டரைக் காட்டி, "அண்ணா, இருபத்தெட்டுல போறோம்ணா!" என்றான். என் மீட்டரில் 25. இரண்டு சைக்கிளும் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒன்றாகத்தான் உருண்டன. எதிர்க்காற்று வேறு. அந்தக் காற்றில் 28 மிதிக்கிற கால் எனக்கும் கிடையாது, அவனுக்கும் கிடையாது.

டீக்கடையில் நிறுத்தியதும் அவன் மீட்டரை வாங்கி செட்டிங்ஸில் பார்த்தேன். சக்கரச் சுற்றளவு 2288 மில்லிமீட்டர் என்று இருந்தது. அது 29 இன்ச் சக்கரத்தில் 2.1 டயர் போட்ட சைக்கிளுக்கான எண். அவனுடையது 26 இன்ச், 1.95 டயர். அதற்கு 2050 வேண்டும். நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. சிரிப்புத்தான் வந்தது. நானும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தவன், அதுவும் தலைகீழாக.

காந்தத்தை எங்கே வைப்பது, சென்சாரை எப்படித் திருப்புவது என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தப்பானால் மீட்டர் பூஜ்யம் காட்டும், பத்து நிமிடத்தில் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். தப்பாக இருந்தும் ஜோராக ஓடுகிற மீட்டர்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சுற்றளவு எண்ணைச் சரிபார்க்காமல் கிளம்புவது

மீட்டருக்கு வேகமும் தெரியாது, தூரமும் தெரியாது. போக்ஸ் கம்பியில் இருக்கிற காந்தம் ஃபோர்க்கில் இருக்கிற சென்சாரை ஒரு தடவை கடந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோமோ, அதால் பெருக்கிக் காட்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. பேட்டரி போட்டதும் அது கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று இந்த எண். நாமோ எப்போது வேகம் தெரியும் என்ற அவசரத்தில் பட்டனை அமுக்கி அமுக்கிக் கடந்துவிடுகிறோம்.

நான் செய்தது இது. பழைய 26 இன்ச் எம்டிபியில் (மலைப்பாதை சைக்கிள்) இருந்த மீட்டரைக் கழற்றி, புதிதாக வாங்கிய ஹைப்ரிடில் மாட்டினேன். அதில் 700x32 டயர், எண் 2155. மீட்டரில் பழைய 2050 அப்படியே இருந்தது. மாற்ற வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதோடு என் முதல் 200 கிலோமீட்டர் பிரெவேக்குப் போனேன். பிரெவே என்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் முத்திரை வாங்க வேண்டிய இடங்களை கன்ட்ரோல் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் மூடுகிற நேரம் உண்டு. வழி காட்ட கையில் ஒரு கியூ ஷீட்: இத்தனையாவது கிலோமீட்டரில் இடது, இத்தனையாவதில் வலது.

முதல் திருப்பம் ஷீட்டில் 21. மீட்டரில் 20. சரி, ஷீட் போட்டவர் தோராயமாகப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அடுத்தது ஷீட்டில் 52. மீட்டரில் 49.5. இரண்டுமே பெரிய சந்திப்புகள், பலகை இருந்தது, அதனால் திரும்பிவிட்டேன். அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு கிலோமீட்டரிலிருந்து இரண்டரையாக வளர்ந்திருக்கிறதே! எனக்கோ ஷீட்டில்தான் தப்பு என்ற எண்ணம் இன்னும் கெட்டியானது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருப்பது இந்த இடம்தான். மறந்ததைக்கூட மன்னித்துவிடலாம், கண்ணெதிரே தெரிந்ததைத் தள்ளிவிட்டதைத்தான் முடியவில்லை.

மூன்றாவது திருப்பம்: "93.6, இடது, பலகை இல்லை." உண்மையில் அந்தப் பிரிவு வந்தபோது என் மீட்டரில் 89 ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் நிறுத்தமும் பெட்டிக்கடையும் இருந்ததைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. இன்னும் நாலரை கிலோமீட்டர் இருக்கிறதே என்று நேராக மிதித்தேன். மீட்டரில் 93.6 வந்தது. நம் கெட்ட நேரம், அங்கேயும் இடது பக்கம் ஒரு ரோடு, அங்கேயும் பலகை இல்லை. திரும்பினேன். ஆறு கிலோமீட்டரில் தார் முடிந்து மண் வந்து, அதுவும் ஓர் ஏரிக்கரையில் போய் நின்றது. எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இதுக்கு மேல வழி இல்லையே தம்பி, எந்த ஊருக்குப் போவணும்?" என்று கேட்டார். ஊர் பெயர் எனக்குத் தெரியாது. எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

போக வர இருபத்தோரு கிலோமீட்டருக்கு மேல் வீண். 104-ஆவது கிலோமீட்டர் கன்ட்ரோல் 12:56-க்கு மூடும். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 1:20. மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதப் பயிற்சி அந்த மேஜையோடு மடங்கிப் போனது.

அதனால் முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 32-622 மாதிரி ஓர் எண் இருக்கும். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், 32 டயரின் அகலம். 622-ஓடு 32-ஐ இரண்டு தடவை கூட்டி, 3.1416-ஆல் பெருக்கினால் 2155 வரும். 29 இன்ச்சும் 700-ம் ஒரே 622 ரிம்தான், ஆனால் டயர் உயரம் வேறு, அதனால் எண் வேறு. "என்னுது பெரிய சக்கரம்" என்று பொத்தாம்பொதுவாக ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பட்டியல் எண்ணைவிட நல்லது அளந்து போடுவது. எப்போதும் வைக்கிற அளவுக்குக் காற்றடியுங்கள். டயரில் ஓர் இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பொட்டு மாதிரி வையுங்கள். மொட்டை மாடியில் சைக்கிள்மேல் உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் மெதுவாக உருட்டுங்கள். தரையில் வரிசையாகப் புள்ளி விழும். இரண்டு சுற்றின் நீளத்தை அளந்து பாதியாக்குங்கள். ஏன் இரண்டு? கொத்தனார் வைத்திருக்கிற ஐந்து மீட்டர் டேப்புக்குள் அவ்வளவுதான் அடங்கும். தையல்காரர் டேப் வேண்டாம், அது ஒன்றரை மீட்டர்தான். ஒட்டி ஒட்டி அளந்தால் ஒட்டுகிற இடத்திலெல்லாம் பிழை வரும்.

உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். ஆள் எடைக்கு டயர் அமுங்கும். என் 2155 டயர் நான் உட்கார்ந்து அளந்தபோது 2141 வந்தது. பதினாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 200 கிலோமீட்டரில் அது 1.3 கிலோமீட்டர். சில மாடல்கள் மில்லிமீட்டரில் நாலு இலக்கம் கேட்கும், சில சென்டிமீட்டரில் மூன்று இலக்கம். அதையும் கவனியுங்கள்.

வழியில் சந்தேகம் வந்தால் கணக்கு இதுதான். வித்தியாசம் போகப் போக வளர்ந்தால் எண் தப்பு. எவ்வளவு போனாலும் அதே அளவில் நின்றால் எங்கோ வழி தவறிச் சுற்றியிருக்கிறீர்கள், அல்லது மீட்டரைப் பூஜ்யமாக்காமல் கிளம்பியிருக்கிறீர்கள்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஜிபிஎஸ் வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளட்டும். அதன் சார்ஜ் தீர்ந்த பிறகு ஹேண்டில்பாரில் மிச்சமிருப்பது இதுதான்.

மீட்டர் காட்டும் சராசரியை நம்பி டீ குடிப்பது

சக்கரம் நின்றால் மீட்டரின் கடிகாரமும் நின்றுவிடும். அது காட்டும் சராசரி ஓடிய நேரத்துக்கு மட்டும். பிரெவே கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. சராசரி 20 என்று மீட்டர் காட்டினால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரம் ஏதோ கடல் மாதிரி தெரியும். இட்லி, பஞ்சர், கன்ட்ரோலில் முத்திரை, மர நிழலில் ஒரு நீட்டல் என்று அது கரைவது தெரியாது. கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கிளம்பிய நேரத்திலிருந்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியிருக்கிறோமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டை மீட்டரோடு ஒட்டி மாட்டுவது

பழைய பாணி அனலாக் வயர்லெஸ் மீட்டர்களில் வரும் கூத்து இது. விடிகாலை சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கிறேன், மீட்டரில் 62 கிலோமீட்டர் வேகம்! ஹெட்லைட்டை அணைத்தேன், பூஜ்யம். போட்டேன், மறுபடி 62. மலிவான எல்இடி லைட்டின் உள்ளே இருக்கிற மின்சுற்று கிளப்புகிற இரைச்சலைச் சக்கரச் சுற்று என்று மீட்டர் எண்ணிக்கொள்கிறது. லைட்டை ஹேண்டில்பாரின் மறுபக்கத்துக்குத் தள்ளினேன், சரியாகிவிட்டது. அதே ரக மீட்டரோடு பக்கத்தில் ஒருவர் வந்தால் அவர் சக்கரத்தையும் சேர்த்து எண்ணிவிடும். டிஜிட்டலாகக் குறியிட்டு அனுப்புகிற மாடல்களில் இந்தத் தொல்லை அபூர்வம்.

இந்த அனலாக் ரகத்துக்குச் சென்சாரிலிருந்து மீட்டர்வரை 60, 70 சென்டிமீட்டர்தான் எட்டும். எட்டவில்லை என்றால் காந்தம், சென்சார் இரண்டையும் சேர்த்து மேலே ஏற்றுங்கள்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்

சென்சாரை, சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிற கீழ்க்காலில் கட்டுங்கள். மேல் குழாயில் கட்டினால் முதல் பள்ளத்திலேயே உடையும்.

கேபிள் டை

சென்சாரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்த பிறகு அதன் வாலை வெட்டுங்கள்.

பஞ்சர் ஒட்டிய பிறகு

முன் சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டிவிடுவது. காந்தம் அந்தப் பக்கம், சென்சார் இந்தப் பக்கம். மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நான்.

பேட்டரி

ஒன்றல்ல, இரண்டு. மீட்டரில் ஒன்று, சென்சாரில் ஒன்று. பெரும்பாலும் சிஆர்2032. வேகம் விட்டு விட்டுத் தெரிந்தால் காந்தத்தை நோண்டுவதற்கு முன்னால் சென்சார் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மீட்டர் பேட்டரியைக் கழற்றும் முன் மொத்தக் கிலோமீட்டரையும் சுற்றளவு எண்ணையும் எழுதிவையுங்கள். பல மாடல்களில் இரண்டும் அழிந்துவிடும். நான் எழுதாமல் கழற்றி 11,000 கிலோமீட்டருக்கு மேல் போனது. இப்போது இரண்டு எண்ணும் பஞ்சர் டப்பா மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறது.